அண்ணனுக்குத் தனித் தட்டு வேண்டாம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லாரும் நலம். நம் தோட்டத்தில் மிச்சமிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனைதான். அதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் அண்ணன் விஷயம்.

அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகவும், பேத்தியை அருகில் விடுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. அந்தத் தட்டை இன்றே மற்றவற்றோடு சேர்த்துவிடு. கூட வேலை செய்தவருக்குக் காசநோய் கண்டதால்தானே இவருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? கிருமி உடம்பில் புகுந்திருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, இருமலோ காய்ச்சலோ இல்லை. அப்படியானால் இது உறங்கும் காசநோய், நீறு பூத்த நெருப்பு. இந்த நிலையில் யாருக்கும் தொற்றாது. வெளிப்பட்ட காசநோயும் இருமும்போது காற்று வழியாகத்தான் பரவும். தட்டில் ஒட்டிக்கொண்டு வராது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது.

என் கவலையெல்லாம் அவருடைய இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, மேல்தான். நுரையீரலில் புகும் கிருமியை நம் வெள்ளணுக்கள் சூழ்ந்து முடக்கி வைக்கின்றன. சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்த அணுக்களின் வேகம் குறைந்துவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காசநோய் வெளிப்படும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. அமெரிக்காவில் 2011-12இல் எடுத்த தேசிய ஆய்வில், இனிப்பு நீர் உள்ளவர்களில் 11.6 விழுக்காட்டினரிடம் உறங்கும் தொற்று இருந்தது, இல்லாதவர்களிடம் 4.1 விழுக்காடுதான். வயது, பிறந்த நாடு முதலியவற்றைக் கணக்கில் எடுத்தால் இந்த இடைவெளி சுருங்குகிறது; ஆனாலும் மறைந்துவிடவில்லை.

‘இதெல்லாம் நம் இனத்தின் தலைவிதி’ என்று உன் நாத்தனார் சொன்னாராமே. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மிடையே இனிப்பு நீர் அதிகம் என்பது உண்மைதான். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. உடல் அவ்வளவு பருமனாக இல்லாதபோதே நமக்கு அது வந்துவிடுகிறது. ஆனால் காசக் கிருமி இனம் பார்த்துப் பிடிப்பதில்லை. காற்றோட்டமில்லாத நெருக்கத்தைப் பார்த்துப் பிடிக்கிறது. லயத்தில் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே படுத்து எழுந்ததை நீயும் நானும் பார்த்தவர்கள்தானே. அமெரிக்க ஆய்வுகளிலும் இனத்துக்கு இனம் தெரியும் வேறுபாட்டில் பெரும்பங்கு, காசநோய் மிகுந்த நாட்டில் பிறந்து வளர்ந்ததால் வருவது. வாழ்ந்த இடம் செய்ததை இரத்தத்தின்மேல் போடுவது நியாயமே இல்லை. விதி என்று உட்கார்ந்துவிட்டால் மருந்து சாப்பிடவும் மனம் வராது.

மருந்து இருக்கிறது, சரோஜா. மருத்துவர் ஐசோனியாசிட் கொடுத்தால், பி6 வைட்டமினும் சேர்த்து உண்டா என்று கேள். அந்த மருந்தால் கால் மரத்துப்போகலாம், அண்ணனுக்கு அந்தத் தொல்லை ஏற்கெனவே இருக்கிறது. ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே. அது கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும். ஆகவே வீட்டிலேயே சர்க்கரையை அடிக்கடி குத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்த மருந்தானாலும் கல்லீரலைப் பாதிக்கலாம். கண் மஞ்சளித்தாலோ சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். மது கூடவே கூடாது. நான் சொன்னதாகவே அவரிடம் சொல். மாதக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்த விடாதே.

பின்னால் எப்போதாவது இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தாலோ, இரவில் வியர்த்துக் கொட்டினாலோ, எடை இறங்கினாலோ உடனே சளிப் பரிசோதனை கேட்டு வாங்கு. இனிப்பு நீரால்தான் மெலிகிறார் என்று யாரும் தள்ளிப்போட இடம் கொடுக்காதே.

நாற்பது வருடம் தாதி வேலை பார்த்தவள் என்ற உரிமையில் இவ்வளவும் எழுதிவிட்டேன். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எழுது.

உன் அன்புத் தோழி
மங்கை