நகைச்சுவைக்கு நிறம் பூசுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் விளம்பர நிறுவனங்களிலும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தயாரிப்புகளிலும் பணியாற்றும் எழுத்தாளர்கள், இயக்குநர்கள், நடிகர் தேர்வுப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2019ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த மின்னிலக்கக் கட்டண விளம்பரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். ஒன்று முக்காடிட்ட மலாய்ப் பெண். மற்றொன்று, தோலில் கருஞ்சாயம் பூசி, சட்டையில் ‘கே. முத்துசாமி’ என்ற பெயர்ப்பட்டையைக் குத்திய இந்திய ஊழியர். கண்டனம் எழுந்ததும் விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். இந்தக் கட்டண முறை எல்லாருக்கும் உரியது என்று காட்டுவதே நோக்கம் என்ற விளக்கமும் வந்தது. அந்த நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் எழுத்து, ஒப்பனை, படப்பிடிப்பு, வாடிக்கையாளரின் ஒப்புதல் என்று அத்தனை படிகளைத் தாண்டி அது வெளியே வந்தபோது, இடையில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா, அல்லது உறுத்தியவர் அதைச் சொல்லக்கூடிய இடத்தில் இல்லையா என்பதே என் கேள்வி. 2016இல் இணையத் தொடர் ஒன்றில் நடிகரின் முகத்தில் கறுப்புப் பூசி ஆப்பிரிக்கராகக் காட்டியதற்கு அபராதம் விதிக்கப்பட்டதை இத்துறையினர் அறியாதவர்கள் அல்லர்.

‘சும்மா ஒரு வேடிக்கைதானே’ என்பீர்கள். இனத்தைத் தொட்ட கேலி எல்லாமே தீங்கு என்று வாதிட நான் வரவில்லை. தேசிய சேவை எனும் கட்டாயப் படைப்பயிற்சியில் ஒன்றாகப் படுத்துறங்கி, ஒன்றாகத் தண்டனை வாங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் இனம் சொல்லிச் சீண்டுவது உண்டு. சீண்டப்பட்டவன் அடுத்த நொடியே திருப்பிக் கொடுப்பான். திரையில் வரும் கேலிக்கு அப்படி எதிர்வாய் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வசிப்போரில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு; நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர்தாம் இந்தியராக இருப்பார்கள். இரவு நீங்கள் ஒளிபரப்பிய நகைச்சுவை காலையில் அந்த வகுப்புக்கு வந்துவிடும். “விளக்கை அணைத்தால் உன்னைக் காணோமே, கொஞ்சம் பல்லைக் காட்டு” என்ற பழைய கேலியைக் கேட்காமல் இங்கே வளர்ந்த கருநிறப் பிள்ளைகள் குறைவு. அந்தப் பிள்ளையும் சேர்ந்தே சிரிக்கும். சிரிக்காவிட்டால் ‘வேடிக்கை தெரியாதவள்’ என்ற இரண்டாவது கேலியையும் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் யாருக்கும் வலிக்கவில்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

காவல்துறையையோ தடையுத்தரவையோ நான் கேட்கவில்லை. அந்த விளம்பரத்தைச் சாடி, வசைச்சொற்களோடு சொல்லிசைக் (ராப்) காணொளி வெளியிட்ட உடன்பிறப்புகள் இருவருக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை, அதாவது அக்காலத்துக்குள் மீண்டும் குற்றம் செய்தால் வழக்கு வரலாம் என்ற எச்சரிக்கை, கிடைத்தது. விளம்பரமோ சட்டத்தை மீறவில்லை என்று முடிவாயிற்று. அந்தக் காணொளியின் மொழி எனக்கும் உவப்பானதன்று. ஆயினும், கோபப்பட்டவர் கையில் எச்சரிக்கையும் கோபமூட்டியவர் கையில் மன்னிப்பு அறிக்கையும் மிஞ்சும்போது, சட்டத்தால் இதைத் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

தமிழ் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்களுக்கும் இம்மடல் உரியதே. கருநிறத்தைப் பழிக்கும் திரைப்பட நகைச்சுவைகளை வரவேற்பறையில் அமர்ந்து இரசித்துவிட்டு, கட்டுமானத் தளத்தில் உழைக்கும் வங்காளதேசத் தொழிலாளியின் பேச்சை விருந்துகளில் நடித்துக் காட்டும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. (இதைச் சொன்னால் நம்மவர் முகம் சுளிப்பதையும் அறிவேன்.)

நான் கேட்பது பெரிதன்று. இந்தியப் பாத்திரம் வேண்டுமானால் இந்திய நடிகரை அழையுங்கள். அழைத்தபின், இன்னும் அழுத்தமான இந்திய உச்சரிப்பில் பேசச் சொல்லாதீர்கள். 2017இல் இளம் நடிகர் ஒருவர், நடிப்புத் தேர்வின்போது தம்மிடம் அப்படிக் கேட்கப்பட்டதாகப் பொதுவெளியில் எழுதியது எவ்வளவு பெரிய விவாதமாயிற்று என்பதை அறிவீர்கள். அந்தப் பாத்திரம் கஞ்சனாக இருக்கட்டும், மேலாளரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும், காதலில் அசடு வழியட்டும். அவன் செய்யும் காரியத்துக்காக நாங்களும் வயிறு குலுங்கச் சிரிப்போம். எழுதும் மேசையில் மலாய், தமிழ் எழுத்தாளர்களுக்கு நாற்காலி கொடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் காட்சியைப் படப்பிடிப்புக்கு முன்பே நீக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழ்ப் பார்வையாளர் ஒருவர்