ஏற்காடு பஸ்ஸில் வந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள சித்தப்பா,

அப்பாயியின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது புடவைகளுக்கு அடியில் உங்கள் வீடியோ கேசட் ஒன்று கிடைத்தது. லேபிள் முழுக்க உங்கள் கையெழுத்தில் தேதிகள். ஒன்றை அடித்து அடுத்தது, அதையும் அடித்து அதற்கடுத்தது. கடைசித் தேதி மட்டும் அடிபடாமல் இருக்கிறது.

மொத்தமே இரண்டு கேசட்தான், ஞாபகம் இருக்கிறதா? ஒன்று மேலே ஏற்காட்டில் எங்களிடம், ஒன்று கீழே சேலம் அம்மாபேட்டையில் உங்களிடம். எங்கள் வீடு பள்ளத்தில். சுற்றிலும் காப்பிச் செடி, சில்வர் ஓக், அதற்கு மேல் மலை. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இருந்ததும் வெறும் வி.சி.பி.; போட்டுப் பார்க்கலாம், பதிய முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் வரும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ‘ஒலியும் ஒளியும்’ நீங்கள் பதிந்து, சனிக்கிழமை காலை மஞ்சப்பையில் சுற்றி ஏற்காடு பஸ் டிரைவரிடம் கொடுத்து விடுவீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி அது ஒண்டிக்கடைக்கு வரும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். போன வாரத்துக் கேசட்டைக் கொடுத்துவிட்டு, புதுசை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி வந்தது. அப்புறம் கேபிள் எங்கள் பள்ளத்துக்கும் இறங்கியது. மஞ்சப்பை நின்றுபோனது.

கேசட்டைச் சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். டேப் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம். மலை ஈரம் சும்மா விடுமா? அப்படியே போட்டால், மெஷினுக்குள் டேப்பைப் படிக்கிற, நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் ஹெட் டிரம்மில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுத்துவிடுமாம். கடைக்காரர் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். மெஷின் போனால் புதுசு கிடையாது. கடைசி வரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

அந்தப் பாட்டெல்லாம் இப்போது யூடியூபில் இதைவிடப் பளிச்சென்று இருக்கின்றன. அதற்காக நான் காசு கொடுக்கவில்லை. உங்கள் குரல் எங்காவது கேட்குமா என்று பார்த்தேன். அசட்டு ஆசைதான், ஆண்டெனாவில் வருவதைத்தானே அது பதியும், வீட்டில் பேசுவதையா?

ஆனாலும் நீங்கள் அதில் இருக்கிறீர்கள். முதல் பாட்டு பல்லவியின் பாதியில் தொடங்குகிறது. தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். விளம்பரம் வந்ததும் டக்கென்று வெட்டு. அடுத்த பாட்டில் முதல் சொல் இல்லை. ஒரே ஒரு இடத்தில் நிர்மா விளம்பரம் முழுசாக ஓடுகிறது. வாசலில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

பாட்டு முடிந்ததும் படம் ஒரு உதறு உதறுகிறது. அடியில் இருந்த பழைய பதிவு, ‘வயலும் வாழ்வும்’ விவசாய நிகழ்ச்சி, நடுவிலிருந்து ஓடுகிறது. தாத்தா கேட்டுப் பதிந்ததுதானே? அவர் போன பிறகு அதை யார் கேட்டார்கள்? 11 நிமிடம் மிச்சம் இருக்கிறது.

பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து வருகிறேன்.

உங்கள் அண்ணன் மகன்