இரவுப் பணிக்குச் செல்லும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் உனக்கு இரவுப் பணி கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அந்த வேலையின் பாரம் உனக்குத்தான் தெரியும். ஆனால் அப்படியொரு பிரிவில் நோயாளியாகப் படுத்திருந்தவள் என்பதால், செவிலியர்களுக்குப் பழகிப்போன சத்தங்கள் கட்டிலில் கிடப்பவரின் காதில் எப்படி விழுகின்றன என்பதை நான் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

இயந்திரங்களின் சீரான இரைச்சலுக்குக் காது ஓரளவு பழகிவிடுகிறது. தூக்கத்தைப் பறிப்பவை திடீரென வரும் சத்தங்கள்தாம்: எஃகுத் தட்டு மேசையில் மோதுவது, குப்பைத்தொட்டியின் மூடி படாரென்று விழுவது, உடம்பில் மருந்து ஏற்றும் பம்ப், மருந்து தீர்ந்ததும் விடாமல் கத்துவது. அலாரம் அடிக்கும்போதெல்லாம், அது எனக்காக அடிக்கிறதா பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்காகவா என்று புரியாமல், யாராவது வந்து நிறுத்தும்வரை உடம்பை இறுக்கிக்கொண்டு கிடப்பேன். நிறுத்திவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டால், அதன்பின் வரும் அமைதியிலும் தூங்க முடியாது. "ஒன்றுமில்லை, விரலில் மாட்டியது நழுவிவிட்டது" என்று ஒரு செவிலியர் சொன்ன இரவில் நான் உடனே கண்ணயர்ந்தேன்.

மருத்துவமனை அறைகளில் இரவுச் சத்தம் சராசரியாக 30 டெசிபலுக்குள்ளும், அவ்வப்போது எழும் உச்சம் 40 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அளந்து பார்த்தவர்கள் சராசரியே 50-ஐத் தாண்டுவதையும், உச்சம் 80-க்கு மேல் போவதையும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும் என்பதால், இது சிறிய வேறுபாடு அன்று.

இங்கு நோயாளிகள் தூங்கும் மொத்த நேரம் சில சமயம் போதுமானதாகவே தோன்றும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி பகலில் துண்டு துண்டாக வருவது, ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் மிகவும் குறைந்துபோகின்றன. ஆகவே கண்ணை மூடியிருந்தார் என்பதற்காக 'நன்றாகத் தூங்கினார்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதே; பேச முடிந்தவரானால் காலையில் அவரையே கேள்.

எல்லாப் பழியையும் சத்தத்தின்மேல் போடுவதும் நியாயமில்லை. வலி, மருந்துகள், வெளிச்சம், வென்டிலேட்டர், நோய் ஆகிய எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கின்றன. சத்தத்தால் நேரும் விழிப்புகள் அவற்றில் ஒரு பங்குதான். ஆயினும் நோயையும் வலியையும்போல் அல்லாமல், இந்தப் பங்கில் உன் கைக்கு எட்டுவது நிறைய இருக்கிறது. அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை உடனே எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்பதால், எந்த அளவைத் தாண்டினால் அவை அடிக்க வேண்டும் என்ற எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்ப மாற்றி அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்காதே. மருந்து தீரும் நேரத்தை முன்கூட்டியே கணித்து, பம்ப் கத்துவதற்குள் போய் நில். இரத்தம் எடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது ஆகியவற்றில் காத்திருக்கக்கூடியவற்றை ஒன்றுசேர்த்துச் செய்தால், இடையில் அவருக்குத் தொடர்ந்து சில மணி நேரம் கிடைக்கும். நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது உரத்த பேச்சைவிடக் கொடுமையானது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து அவர் ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்ப்பார்.

தூக்கத்தை மேம்படுத்தச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும் முறைகளை 2018-இல் வெளியான அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. காதடைப்பானும் கண்மறைப்பும் மலிவானவை. ஆனால் கேட்காமல் மாட்டிவிடாதே, சிலருக்கு அது அச்சத்தைக் கூட்டும். காது கேட்கும் கருவி அணிபவரானால், இரவில் கழற்றியதை விடிந்ததும் முதல் வேலையாக மாட்டிவிடு. அது இல்லாமல், நீ சொல்லும் ஆறுதல் எதுவும் அவருக்குக் கேட்காது.

அன்புடன்,
அம்மா