தியத்தலாவைப் பக்கம் சைக்கிளில் வருகிறவனுக்கு

பண்டாரவளை
ஜனவரி 18

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்குப் பதுளைக்கே மாற்றம் வந்துவிட்டது. மாமாவின் முழங்கால் இப்போது தேவலை, பின்னேரத்தில் கடை வரைக்கும் நடக்கிறார். ரொட்டிக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று உனக்கு எழுதச் சொன்னார்.

கரடு ரோட்டில் ஓட்டுகிற கிறவல் சைக்கிள் வாங்கிய கையோடு, யுத்த காலத்து இடங்களாகப் பார்த்து மலையில் ஒரு சுற்றுப் போட்டுத் தா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை வேறில்லை. ஆனால் உன் பட்டியலில் கண்டியின் யுத்தக் கல்லறையும் பேராதனைப் பூங்காவும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டும் பார்க்கவேண்டிய இடங்களே. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் வைத்தார். கல்லறையில் பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சைக்கிள் எதற்கு? அரை நாளில் நடந்தே பார்த்துவிட்டு ரயில் ஏறு. சைக்கிள் ஓடவேண்டிய இடம் நாங்கள் இருக்கிற ஊவா மாகாணம்.

ஏன் என்று சொல்கிறேன். அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு அப்பால் வரை, ஒரு நாள் ஓட்டத்துக்குள், நூறு வருடக் காலத்தின் சிறை முகாம்கள் இருக்கின்றன. தற்செயல் இல்லை. 1894இல் ரயில் பண்டாரவளைக்கு வந்துவிட்டது. துறைமுகத்தில் இறக்கும் கைதியை நேரே மலைக்கு ஏற்றலாம். ஊர் குளிர், ஐரோப்பியக் கைதிக்குத் தாங்கும். கடல் எட்டாத தூரம், தப்பினாலும் போக்கிடம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் தியத்தலாவையை முகாம் ஊராக்கின.

1900 ஓகஸ்டில், பிரித்தானியரோடு போர் செய்து பிடிபட்ட தென்னாப்பிரிக்கப் போயர் கைதிகள் வந்திறங்கினார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் மொத்தம் ஐயாயிரம் பேரளவில், பெரும்பகுதி தியத்தலாவையில், தகரக் கொட்டில்களில். ஒலிவியர், ரூ என்று அவர்களுடைய ஜெனரல்மாரும் அங்கேதான். வந்த கொஞ்ச மாதத்திலேயே நெருப்புக் காய்ச்சல் பரவிப் பலரைக் கொண்டுபோனது. 1902இல் சமாதானம் ஆனபின், பிரித்தானிய அரசருக்கு விசுவாசச் சத்தியம் செய்தவர்களைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். எங்கெல்பிரெக்ட் என்றொருவர் கடைசிவரை சத்தியம் செய்யவில்லை. இங்கேயே தங்கி, யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதல் காவலராக வேலை செய்து, இந்த மண்ணிலேயே இறந்தார்.

அடுத்து 1914. ஜேர்மனியில் பிறந்து இங்கே துறவியான ஞாணதிலோக தேரரை, எதிரி நாட்டவர் என்று தியத்தலாவையில் அடைத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1939இல் மறுபடி யுத்தம், மறுபடி அதே மனிதர், அதே தியத்தலாவை, பிறகு டெஹ்ராடூன். இரண்டு உலக யுத்தத்துக்கும் ஒரே ஊரில் கைதியானவர். அந்தப் பத்தனைப் புல்லைப் பார்த்துக்கொண்டு ஓடும்போது இதை நினைத்துப் பார்.

அங்கே இன்றும் இராணுவம்தான். பிரதான ரோட்டை விட்டு இறங்காதே, கமராவை வெளியே எடுக்காதே, அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வை. போயர்களின் நினைவிடத்தைப் பார்க்க விரும்பினால் வாசலில் நின்று அனுமதி கேள். கிடைக்காவிட்டால் வாதாடாமல் திரும்பு.

மூன்றாவது முகாமை நீயாகக் கேட்கமாட்டாய், நானே எழுதுகிறேன். பண்டாரவளை டவுனைத் தாண்டிப் பதுளை ரோட்டில் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில், அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெடியன்களைக் கொன்றது. புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், பதினெட்டு நிரம்பாதவர்களும் அதில் உண்டு. பொலிஸ் பக்கத்திலேயே நின்றது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை தீர்த்தார்கள். மேன்முறையீட்டில் 2005க்குள் ஐவரும் விடுதலை. மலையில் யுத்தமே நடக்கவில்லை என்று கொழும்பில் சொல்பவர்களோடு நீ மல்லுக்கு நின்றிருக்கிறாய். போயருக்கும் ஜேர்மனியருக்கும் சைக்கிளை நிறுத்துகிற நாம், இதைத் தாண்டி ஓடிப்போகக் கூடாது. ஆனால் அங்கே படம் எடுக்காதே. கடைக்காரரிடம் தோண்டித் துருவாதே. இறங்கி, கொஞ்ச தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நட. அது போதும்.

மறுநாள் கால் இருந்தால் வெலிமடைப் பக்கம் போ. 1818 கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் அனுப்பிய கெப்பெட்டிபொல, கிளர்ச்சிக்காரரோடு போய்ச் சேர்ந்தார். அவருடைய ஆட்களை எதிர்த்து மேஜர் மக்டொனால்ட் நின்று பிடித்த குன்று பரணகமவில் இருக்கிறது. அந்த வருடம் நவம்பர் 26இல் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள். மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டுகள். காய்ந்திருந்தால் சொர்க்கம். நனைந்தால் அந்த மண் டயருக்கும் அதைத் தாங்கும் முள்ளுக்கும் (ஃபோர்க்) இடையில் அப்பி சக்கரத்தையே நிறுத்திவிடும், தார் ரோட்டால் திரும்பு.

இனிச் சைக்கிள். உன் படத்தைப் பெருப்பித்து எண்ணினேன். முன் செயின் வீலில் 40 பல், பின்னால் பெரியது 42. கொழும்புக் கடற்கரைக்கு நல்லது. தேயிலைத் தோட்ட ரோட்டில் 15 சதவீத ஏற்றம் சாதாரணம். உன் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வரும். அந்த ஏற்றத்தில் பையோடு அந்த வேகத்தைப் பத்து நிமிடம்கூட உன்னால் பிடிக்க முடியாது. மிதியைக் குறைத்தால் முழங்கால் போகும். முன் செயின் வீலை 32க்கு மாற்று, செயினையும் கொஞ்சம் குறைக்கவேண்டி வரலாம்.

டயர் 45 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறாய், சரி. டியூப் இல்லாமல் போடு. ஒவ்வொன்றுக்கும், ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம் 80 மில்லிலீற்றர், முன்னால் 30, பின்னால் 33 இறாத்தல் காற்று. டியூபோடு வந்தால் 38க்குக் கீழே இறக்காதே. கல்லில் இடித்து டியூபில் இரண்டு ஓட்டை விழும். அந்தக் காலத்தில் பதித்த கல்லு ரோட்டுகள்தான் இன்றும் தோட்டத்தில். இடையிலிருந்த மண்ணை மழை கொண்டுபோய்விட்டது, கல் மட்டும் முனை மேலாக நிற்கிறது. நடுமேட்டில் ஓடாதே, ட்ரக்டர் சில்லு போன தடத்தில் ஓடு. ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும் கான் வரும் இடங்களில் நேராக ஏறு, சாய்வாக ஏறினால் முன்சில்லு கானோடு போய்விடும்.

கல்லைவிட மோசமானது கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடுவது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் பக்கத்தில் ரோட்டெல்லாம் தேயிலை மிலாறு கிடக்கும். விரல் மொத்தமான குச்சி, கத்தி சாய்வாக இறங்கியதால் நுனி உளி மாதிரி இருக்கும், காய்ந்தால் இரும்புதான். அது டயரின் அடியில் ஏறாது, சில்லு மிதித்ததும் கிளம்பிப் பக்கச் சுவரைக் கிழிக்கும். அந்தக் கிழிசலைச் சீலன்டும் அடைக்காது, ஓட்டையில் செருகும் ஒட்டுத் திரியும் நிற்காது. பழைய டயரில் 5 சென்றிமீற்றர் துண்டு வெட்டிக் கொண்டுவா, உள்ளே வைத்து டியூப் போட்டு வீடு சேரலாம். மொட்டையாக வெட்டிய மலையைக் கண்டால் இறங்கித் தள்ளு.

பிரேக்தான் என் பெரிய கவலை. உன்னுடையது கம்பியில் இழுக்கும் டிஸ்க். பிரேக் கட்டை தேயத் தேய எல்லோரும் லீவருக்குப் பக்கத்துத் திருகைச் சுற்றிக் கம்பியை இறுக்குவார்கள். இறுக்கினால் பிடிப்பதுபோல்தான் இருக்கும். ஆனால் தகட்டைக் கவ்வும் கலிப்பரின் கை பாதித் தூரம் ஏற்கெனவே போயிருக்கும், இறக்கத்தில் முழுதாக அமுக்கும்போது மேலே போக இடமில்லாமல் முட்டி நிற்கும். கம்பியைத் தொடாதே. கலிப்பரிலேயே கட்டையைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுவா. ரெசின் கட்டையைக் கழற்றி உலோகக் கட்டை போடு. சத்தம் போடும், போடட்டும். அப்புத்தளைக்கு மேலே உள்ள லிப்டன் சீட் மலையுச்சியிலிருந்து டம்பேத்தன்ன தேயிலை ஸ்டோர் வரை ஏழு கிலோமீட்டர் இறக்கம், மழையும் மணலும் சேர்ந்தால் ரெசின் கட்டை ஒரே நாளில் தீர்ந்துபோகும். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்று. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கை விடு. நிழல் விழும் பக்கத்தில் பாசி இருக்கும், அங்கே முன்பிரேக்கே வேண்டாம்.

கொழுந்து ஏற்றும் லொறி மத்தியானமும் பின்னேரமும் வரும். ஒதுங்கி நின்று வழி விடு, பாரம் தூக்கி வருகிற பெண்களுக்கும் அப்படியே. தோட்டத்துக்குள் போகுமுன் கந்தோரில் ஒரு வார்த்தை சொல். பீலித் தண்ணீரைக் குடிக்காதே, மேலே மலைக்கு மருந்து அடித்திருப்பார்கள்.

பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம் நல்லது. ஜூனுக்குப் பிறகு அப்புத்தளைக் கணவாயில் காற்று ஆளையே சாய்க்கும். மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வா. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே எச்சரிக்கை தொடங்கும், அன்றைக்கு வெட்டுச் சரிவு ரோட்டுகள் வேண்டவே வேண்டாம். ரயில் ஓட்டத்தையும், கார்ட் பெட்டியில் சைக்கிள் ஏற்றுவார்களா என்பதையும் முதல் நாளே ஸ்டேஷனில் கேள்.

பம்பை மறப்பது உன் வழக்கம், இந்த முறை சைக்கிளிலேயே கட்டி வை. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் துண்டு உன் சைக்கிளுக்குரியதாக ஒன்று வாங்கு. அது முறிந்தால் பண்டாரவளையில் கிடைக்காது. வாங்கியதும் ரயில் திகதியை எழுது, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்