இன்னைக்குச் சீட்டு அவ்வளவுதான் கண்ணு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும், சொந்தபந்தங்களுக்கும், கூடப் படித்த தோழிகளுக்கும்,

எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. இப்போது என் வீட்டுக்காரர் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எனக்கும் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்துவிட்டது. மளிகைக் கடை பாக்கியை அடைத்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். நாள் தள்ளினால் எழுதாமலே போய்விடுவேன்.

பெரியவள் யூகேஜி, சின்னவன் ப்ரீ கேஜி. காலை ஒன்பதரைக்கு விட்டால் பன்னிரண்டரைக்கு வாசலில் நிற்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்குள், போக வர பஸ் நேரமும் சேர்த்து, அடங்குகிற வேலை சேலத்தில் எங்கே இருக்கிறது? 'பார்ட் டைம்' என்று போர்டு வைத்திருக்கும் ஜவுளிக்கடையில் கேட்டால் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது என்கிறார்கள். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் முதலில் நம்மிடம்தான் பணம் கேட்கிறது. ஓர் அலுவலகத்தில் என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "குழந்தைங்க சின்னதா? அப்ப சரிப்பட்டு வராதும்மா." அவ்வளவுதான் இன்டர்வியூ.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஒன்றிலிருந்து வேலை வாங்கி வந்து வீட்டிலேயே சலங்கை கோர்ப்பவர். அங்கே டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று அவர்தான் வந்து சொன்னார். கொலுசு வேலை ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. கம்பி ஒரு வீட்டில், பற்றவைப்பது இன்னொரு வீட்டில், மெருகு வேறொரு இடத்தில். வெள்ளி எத்தனை கிராம் கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது, சேதாரம் என்ன, கூலி என்ன, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு. எடை போடுவதெல்லாம் பெரும்பாலும் சாயங்காலம்தான். ஃபேன் காற்றில் தராசின் எண் ஆடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க எடை போடுவார்கள். அந்தச் சீட்டுகளை மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். என் பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை.

ஆனால் வேலை கிடைப்பது ஒன்று, அதிலிருந்து நேரத்துக்கு எழுந்து வருவது இன்னொன்று. எல்லோரும் தலை நிமிராமல் வேலை செய்யும்போது பையை எடுத்து மாட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். "கிளம்பறேங்க" என்று வாய்க்குள் முனகிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே செருப்பு தேட வேண்டும்.

அங்கே கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் கணக்கய்யா என்போம். அதிகம் பேச மாட்டார். பதினொன்றே முக்கால் ஆனதும் தன் மேசையிலிருந்து சத்தமாக, "இன்னைக்குச் சீட்டு அவ்வளவுதான் கண்ணு, நீ கிளம்பு" என்பார். நானும் நிஜமாகவே சீட்டு தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். ஒரு நாள் ஸ்டேப்ளர் பின் எடுக்க அவர் டிராயரைத் திறந்தால், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுச் சீட்டு. அன்றைக்கு நான் ஏற்றியிருக்க வேண்டியவை. மேலே பென்சிலில் 'நாளை' என்று எழுதி வைத்திருந்தார். அவசரமானவற்றைப் பிரித்து, தன் நோட்டில் தானே கையால் எழுதியும் வைத்திருந்தார். நான் டிராயரை மூடிவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலாளி ஒரு முறை, "என்ன, அதுக்குள்ள கிளம்பியாச்சா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கய்யா, "நான்தான் போகச் சொன்னேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று வரை நான் யாரிடமும் அனுமதி கேட்டுக் கிளம்பியதில்லை. அய்யா, சம்பளத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. நேரில் சொன்னால் "போய் வேலையைப் பாரு" என்பீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாடி அக்கா, பழைய லேப்டாப்பைச் சரி பண்ணிக் கொடுத்த தம்பி, செவ்வாய்ப்பேட்டை லாரி நெரிசலில் பஸ் மாட்டிக்கொள்ளும் நாட்களில் இரண்டு பேரையும் தன் நாற்காலி பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் பள்ளி வாட்ச்மேன் அண்ணா, ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டி அனுப்பிய அம்மாப்பேட்டை வீடுகள், கேட்காமலே பணம் போட்டுவிட்ட காலேஜ் தோழிகள், எல்லோருக்கும் என் நன்றி. பெயர் சொன்னால் திட்டுவீர்கள் என்று விடுகிறேன். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் இந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிருக்கும்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் பட்டறையில் மொத்தமே ஒரு டெம்போவில் அடங்குகிற ஆட்கள். எங்களைப் போன்ற இடங்களில் எல்லாமே பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததுதான். எனக்கு அமைந்தது. என்னைவிட நன்றாகப் படித்தவள் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இன்னும் அலைந்துகொண்டிருக்கிறாள்.

அதனால் ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். பக்கத்துப் பட்டறைகளிலும் இதே போல் சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன, ஆள் கேட்கிறார்கள். பள்ளி நேரத்தில் மட்டும் வேலை தேடும் அம்மாக்கள் யாராவது இருந்தால் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள். கொலுசுக் கணக்கு எப்படி ஏற்றுவது என்று சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம். மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கெடு, அதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் வராதீர்கள். மற்ற நாட்களில் கதவு திறந்துதான் இருக்கும். பெல் அடிக்க வேண்டாம், சின்னவன் எழுந்துவிடுவான்.

நன்றியுடன்,
உங்கள் அம்மாப்பேட்டைக்காரி