பெரிய தையலாகப் போடு

சாட்ஸ்வர்த், டர்பன்
ஜூன் 9

என் கண்ணு கோகிக்கு,

நேற்று நீ அனுப்பிய போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் பார்க்கத்தான் பெரிதாக்கினேன், கண் போய் பேன்ட்டில் நின்றுவிட்டது. பெல்ட்டை இழுத்துக் கட்டியிருக்கிறாய், இடுப்பைச் சுற்றி அரிசி மூட்டை வாய் மாதிரி துணி சுருங்கிக் கிடக்கிறது. தோள்பட்டைத் தையல் பாதிக் கைக்கு இறங்கிவிட்டது. 26 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு வேறு எது கண்ணில் படும்?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தமிழில் எழுதினால் அவருக்குப் படிக்க வராது. சனிக்கிழமை தவறாமல் அழுதுகொண்டே தமிழ்ப் பள்ளிக்குப் போனாயே, அது இதற்காவது ஆகட்டும்.

எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதத்தில் 31 கிலோ இறங்கியிருக்கிறாய். சைஸ் 22 போட்டவள் 16-க்கு வந்துவிட்டாய். முதல் ஆறு மாதம் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் வரை இறங்கிக்கொண்டே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக நீதான் சொன்னாய். அப்படியென்றால் இப்போது ஒவ்வொரு சைஸிலும் நீ இருக்கப்போவது ஆறு வாரம், எட்டு வாரம். பஸ் ஸ்டாப்பில் யாராவது வீடு கட்டுவார்களா? மெடிக்கல் எய்ட் இன்ஷூரன்ஸ் கைவிரித்த பிறகு கடன் வாங்கித்தான் ஆபரேஷன் செய்துகொண்டாய். அந்தக் கடன் இருக்கும்போது கடையில் கணக்கு வைத்துக் கடனுக்குத் துணி வாங்க வேறு ஆரம்பிக்காதே. அதற்காகக் கூடாரத்தைப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் போகவும் வேண்டாம். நடுவில் வழி இருக்கிறது.

முதலில் பேன்ட். பின்பக்க நடுத்தையலைப் பிரித்து இடுப்பிலிருந்து கீழே சரிவாகப் பிடித்தால் இரண்டு அங்குலம் வரை தாராளமாகக் குறைக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், கவட்டுப் பக்கம் இழுக்கும், உட்கார முடியாது. அந்த நிலைக்கு வந்த பேன்ட்டை விட்டுவிடு, பணம் போடாதே. நேராக இறங்கும் ஸ்கர்ட் இன்னும் சுலபம். இரண்டு பக்கத் தையலிலும் சமமாகப் பிடித்தால் ஒரே ஸ்கர்ட் இரண்டு சைஸுக்கு ஓடும்.

முக்கியமான விஷயம், தைக்கிறவரிடம் பெரிய தையலாகப் போடச் சொல். ஃபேக்டரியில் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் போடுவோம். உனக்கு இப்போது ஐந்து, ஆறு போதும். ஆறு வாரம் கழித்து ஒரு இழுப்பில் பிரித்து மறுபடி பிடிக்கலாம். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டவும் வேண்டாம், ஓவர்லாக் அடிக்கவும் வேண்டாம். எடை ஒரே இடத்தில் நான்கைந்து மாதம் நின்ற பிறகு சின்னத் தையல் போட்டு முடித்துக்கொள்ளலாம். பெரிய தையல் போடச் சொன்னால் சில தையற்காரர்களுக்கு முகம் சுருங்கும், தங்கள் வேலைக்கு மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். அங்கே ஜோபர்க்கில், ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியன்டல் பிளாசா கடைகளில் கேட்டுப் பார். பேஜ்வியூ பகுதியிலிருந்து விரட்டிய நம் ஆட்களுக்காக அந்த நாள் வெள்ளையர் அரசாங்கம் கட்டிய இடம் அது, டர்பன் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம்மைத் தூக்கி இங்கே போட்ட மாதிரி. அங்கே வயதான தையற்காரர் யாராவது இருந்தால் சொன்ன உடனே புரிந்துகொள்வார்.

கோட்டுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. தோளைச் சரி செய்ய வேண்டுமென்றால் கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, பாதிக் கோட்டை மறுபடி தைக்க வேண்டும். கூலி கோட்டு விலையைத் தாண்டிவிடும். அதனால் கோட்டே வேண்டாம். கார்டிகன் போடு. பின்னிய துணி உடம்போடு வளைந்து கொடுக்கும், தோள் இரண்டு விரல் இறங்கினாலும் யாருக்கும் தெரியாது.

சேல் என்று சைஸ் 12 கோட் ஒன்று வாங்கி அலமாரிக் கதவில் மாட்டியிருக்கிறாயாம், தினமும் அதைப் பார்த்தால் ஆசை வருமாம். மாப்பிள்ளை சொன்னார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. எடை இறங்கி முடிந்த பிறகு உன் தோள் எவ்வளவு இருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் எலும்பு உன் அப்பா வீட்டு எலும்பு, அகலம்.

அது மட்டும் காரணமில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உள்ளே வைத்திருக்கிறேன், இப்போது எழுதிவிடுகிறேன். பள்ளிக் கடைசி வருஷத்தில் உன் மெட்ரிக் டான்ஸுக்கு 1998-ல் நான் தைத்த அந்த மரூன் சாட்டின் கவுன். அளவெடுக்கும்போது டேப் சொன்னது ஒன்று, நான் வெட்டியது ஒன்று. இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினேன். ஆறு வாரம் இருக்கிறதே, இதைப் பார்த்தாவது சாப்பாட்டைக் குறைப்பாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஜிப் ஏறவில்லை. சேஃப்டி பின் குத்தி, அதை மறைக்க ஆயாவின் சால்வையைப் போர்த்தி அனுப்பினோம். அந்த இரவில் எடுத்த எந்தப் படத்திலும் உன் கை சால்வையைப் பிடித்தபடிதான் இருக்கிறது. துணி சுருங்கிவிட்டது என்று சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மெஷினிஸ்ட் மகள் நீ, சாட்டின் ஒரே நாளில் சுருங்காது என்று உனக்குத் தெரிந்திருக்கும். முன்னால் நின்ற பிள்ளைக்குத் தைக்காமல் எனக்கு வேண்டிய பிள்ளைக்குத் தைத்தேன், கோகி. அந்த வேலையை நீயே உனக்குச் செய்துகொள்ளாதே. இன்று இருக்கிற உடம்புக்கு வாங்கு. மலிவாக வாங்கு, ஆனால் சரியாகப் பொருந்துகிற மாதிரி வாங்கு.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் கொஞ்சம்தான். கறுப்பில் இரண்டு பேன்ட், கருநீலத்தில் ஒரு ஸ்கர்ட், மேலே மூன்று டாப், ஒரு கார்டிகன். எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும். இழுவைத் துணியாக, இடுப்பில் எலாஸ்டிக் உள்ளதாகப் பார். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற மாதிரி டிரெஸ் கிடைத்தால் விடாதே, முடிச்சை நகர்த்தினாலே ஒரு சைஸ் குறைந்துவிடும். வெள்ளிக்கிழமை ஆபீஸில் பஞ்சாபி, அதான் சல்வார் கமீஸ், போட விடுகிறார்கள் என்றாயே, நாடா வைத்த பஞ்சாபிக்கு என்ன கவலை. சேலைக்குச் சைஸே கிடையாது, ஜாக்கெட்டைப் பிடித்தால் போதும். நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்று ஏறி இறங்கிய உடம்போடு அதே சேலையைத்தான் கட்டினார்கள்.

தானமாக வந்த பழைய துணியை விற்கும் ஹாஸ்பிஸ் கடைகளில் போய்ப் பார். பெரிய வீட்டுப் பெண்கள் ஒரு தரம் போட்டுவிட்டுக் கொடுத்தது நிறைய வரும். போனில் யாகா என்ற ஆப்பில் பழைய துணி விற்கிறார்கள் என்று சின்னம்மா மகள் சொல்கிறாள், அளவைக் கேட்டு வாங்கு, லேபிளை நம்பாதே. ஜோபர்க் டவுனில் டி வில்லியர்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் பழைய துணியைத் தெருவில் குவித்துவைத்து விற்கும் டுனுசாவும் இருக்கிறது. குனிந்து பொறுக்குவதால் அந்தப் பேர். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி வருகிற பழைய துணி மூட்டையும், 1994-க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கிய மலிவுத் துணியும் சேர்ந்துதான் எங்கள் வேலையைத் தின்றன. 1999-ல் எங்கள் லைனையே மூடி எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தியபோது எனக்கு வயது 44. ஆனால் அங்கே விற்கிறவளும் பிள்ளை வளர்க்கத்தான் விற்கிறாள். உன் பர்ஸ் உனக்குத்தான் தெரியும்.

பிரா விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது தொளதொளவென்றிருந்தால் மேலே எந்த டாப்பும் உட்காராது. பெப், ஆக்கர்மன்ஸ் மாதிரிக் கடையில் விலை குறைந்ததை வாங்கு, இரண்டு போதும், இரண்டு மாதத்தில் மறுபடி அளந்து பார். தொங்குகிற தோல் உரசுகிறது என்றாயே, டாப்புக்குள் உடம்போடு ஒட்டுகிற சிங்லெட் போடு, குளிருக்கும் ஆகும். அங்கே ஜூன், ஜூலை காலைக் குளிர் எனக்குத் தெரியும், உடம்பில் கொழுப்பு குறைந்தவளுக்கு அது இன்னும் ஏறும். கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொள். இப்போதே குறைக்கக் கொடுக்காதே, தங்கத்தைத் தட்டானிடம் எத்தனை தரம் கொடுப்பாய்?

முடி கொட்டுகிறது என்று அழுதாய். சின்னம்மா மகள் நர்ஸ்தானே, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பலருக்கும் அப்படி ஆகும், திரும்ப வளரும் என்கிறாள். முட்டை, மீன், டால் முதலில் சாப்பிடு, சோறு பிறகு. விட்டமின் மாத்திரையை மறக்காதே. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வா. இரண்டு ஸ்பூன் குடித்தால் போதும், யாராவது இன்னும் ஊற்ற வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய 22, 20 சைஸ் துணியைக் கண்ட இடத்தில் கொடுக்காதே. ராஜா மாமா வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு ஜோபர்க் வருகிறார், எல்லாவற்றையும் பையில் போட்டு அவரிடம் கொடுத்துவிடு. அந்தச் சாம்பல் ஸ்கர்ட்டில் நல்ல கம்பளித் துணி இருக்கிறது, பிரித்து வெட்டினால் உனக்கு ஒரு நேர் ஸ்கர்ட் வரும், மிச்சத்தில் பேத்திக்கு ஒரு பினஃபோர் வரும். மற்றதில் நல்லதைச் சின்னம்மாவுக்குக் கொடுக்கிறேன், மீதியைச் சனிக்கிழமை இங்கே சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போடுகிற மீனாட்சி அக்கா எடுத்துக்கொள்வாள். ஜேக்கப்ஸ் ஃபேக்டரி கடையில் வாங்கிய என் பழைய சிங்கர் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டுவிட்டேன், நன்றாக ஓடுகிறது.

அளவு அனுப்பு. மார்பு, இடுப்பு, அதற்குக் கீழே அகலமான இடம், இடுப்பிலிருந்து முட்டி. காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் எடு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, டேப்பை இறுக்காதே. இந்தத் தரம் நீ எழுதுகிற எண்ணைத்தான் வெட்டுவேன்.

அம்மா