கறுப்பு வளையத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், ஓய்வுபெறுகிறவர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் கியூபாவின் ‘லிமிடெட் எடிஷன்’ சுருட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: விலை கூடத்தான், ஆனால் கொடுத்த காசுக்குப் பெறுமதி. அந்த வரியை நம்பி எங்கள் ஆட்கள் சிலர் கடைக்குப் போவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் ஐயா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அங்கே ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். பத்திரிகை எனக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம் இருக்கிறது என்று லண்டனுக்கு வந்த பிறகு அறிந்தபோது, முன்பின் பார்த்திராத அந்தத் தொழிலாளர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள்.

ஐயா சுற்றி முடித்த ஒவ்வொரு சுருட்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல அமத்திக்கொண்டே போவார். கட்டி தட்டுப்பட்டால் அந்த இடத்தில் புகை இழுபடாது. பள்ளம் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஓடி எரியும். பிழை என்று விரல் சொன்னால் பிரித்து மறுபடி சுற்றுவார். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பிறகு காதருகே வைத்து லேசாக உருட்டுவார். சரசர என்று கேட்டால் இலை காய்ந்துவிட்டது. எத்தனை பவுண் சுருட்டானாலும் எனக்குத் தெரிந்த முதல் சோதனை இதுதான்.

போன வருடம் என் பழைய முதலாளி ஓய்வுபெற்றார். நல்ல மனிதர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசியபோது பொறுமையாக நின்று கேட்டவர். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு லிமிடெட் எடிஷன் சுருட்டு வாங்கினேன். ஒன்று 85 பவுண். அமத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். இது தொட்டுப் பார்க்கிற சாமான் இல்லை என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து உருட்டிப் பார்த்தால் இரண்டிலும் சரசர. வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒன்றின் மேலிலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு அடியிலிருந்து மேலே ஓடியிருந்தது. திரும்பக் கொண்டுபோனேன். மாற்றிக் கொடுக்க வேறு இல்லை, இது குறைவாகத்தான் வருகிறது என்றார்கள். குறைவாக வருகிற சாமானை ஈரப்பதம் பார்த்து வைத்திருக்க வேண்டாமா? சுருட்டு வைத்திருக்கும் இடத்தின் காற்றில் நூற்றுக்கு 65 முதல் 70 வரை ஈரம் இருக்க வேண்டும் என்பது சுருட்டு விற்கிற எவருக்கும் தெரிந்த கணக்கு.

சரி, நன்றாக வைத்திருந்த கடை என்றால் அந்த விலை தகுமா? வேறொரு கடையில் இன்னொன்று வாங்கி அதையும் பார்த்தேன். முதலில் இந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வரிசை இது. சுருட்டைச் சுற்றி ஒட்டும் வழக்கமான காகித வளையத்தின் கீழே ஆண்டு போட்ட இன்னொரு வளையம், கறுப்பும் பொன்னிறமுமாக. தொடக்கத்தில் மேலிலையை மட்டும் சுற்றுவதற்கு முன் இரண்டு வருடம் பழக வைத்தார்கள். 2007இலிருந்து உள்ளிலை, அதைச் சுற்றிப் பிடிக்கும் கட்டு இலை எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வருடம். மேலிலையைச் செடியின் மேற்பகுதியிலிருந்து எடுப்பதால் நிறம் கறுப்பாக இருக்கும். அந்தச் சுருட்டின் வணிகப் பெயரில் வழக்கமாக வரும் பட்டியலில் இல்லாத நீளமும் பருமனும். இவ்வளவும் உண்மையான வேலை. இதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இலை தனியாகப் பழகுவது வேறு, சுற்றிய பிறகு பழகுவது வேறு. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது போல, சுற்றிய இலைகள் ஒன்றோடொன்று சேரக் காலம் வேண்டும். நான் வாங்கியது சுற்றி ஒரு வருடம்கூட ஆகாதது. முதல் பாதி பனங்கட்டி கலந்த கோப்பி மாதிரி அருமையாக இருந்தது. நடுவில் தொண்டையைக் கீறியது. அடுத்த கிழமை, அதே பெயரின் சாதாரணச் சுருட்டு ஒன்றை, பெட்டியில் அடைத்து ஐந்து வருடம் ஆனதைப் பார்த்து 34 பவுணுக்கு வாங்கினேன். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக எரிந்தது, சாம்பல் பெருவிரல் நீளத்துக்கு விழாமல் நின்றது. மீதி 51 பவுண் எதற்கு? இந்த நாட்டில் சுருட்டுத் தீர்வை நிறையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். வளையத்தைப் பார்த்து அல்ல.

விலை எப்போதும் இலையைப் பின்தொடர்வதில்லை. 2022இல் கொஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு பெயர்களின் விலையை உலகெங்கும் ஹொங்கொங் விலைக்குச் சமமாக்கினார்கள். பல நாடுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இலையும் அதே இலை, கையும் அதே கை. அந்த வருடம் செப்டம்பரில் இயன் புயல், கியூபாவில் புகையிலை விளையும் பினார் டெல் ரியோ மாகாணத்தில் இலை உலர்த்தும் கொட்டில்களைப் பெருமளவில் சாய்த்துப் போட்டது. அதனால் ஏறும் விலையை நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன்.

புகையிலை உடம்புக்குக் கூடாது. பழக்கம் இல்லாத யாரையும் தொடங்கச் சொல்லி நான் எழுதவில்லை. நானே வருடத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தொடுவதில்லை. எப்படியும் வாங்கப்போகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: கியூபாப் பெட்டியின் அடியில் அதை அடைத்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். தனிச் சுருட்டு வாங்கினாலும் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். என் முதலாளிக்கு அந்த ஐந்து வருடச் சுருட்டில் இன்னும் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் கடையிலேயே அமத்திப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இப்படிக்கு,
கொக்குவிலில் பிறந்த வாசகர்,
ஹரோ, லண்டன்